கூட்டில் ஒரே ஒரு பகல்

ஜூன் 8
நிலாவெளி பெரியகரைச்சிக் களப்பு நன்றாக வற்றிவிட்டது. கரையெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கிறது. வரம்போரமாக ஆட்காட்டிப் பறவை ஒன்று அடைகாக்கிறது. நானாகக் கண்டுபிடிக்கவில்லை, மாடு மேய்க்கும் நானா (முஸ்லிம் அண்ணர்) ஒருவர்தான் காட்டினார். “தம்பி, காலைப் பாத்து வையுங்க, அந்தப் பக்கம் முட்டை கிடக்கு. மூணு கிழமை இருக்கும்.”

கூடு என்றால் குச்சியும் நாரும் இல்லை. சிரட்டை அளவில் ஒரு பள்ளம், சுற்றிவரச் சின்னக் கற்கள், காய்ந்த ஆட்டுப் புழுக்கை. நடுவில் கூர்முனை உள்ளே பார்த்தபடி நாலு முட்டை. மண் நிறத்தில் கறுப்புப் புள்ளி. 28 முதல் 30 நாள் அடைகாக்கும் என்பதால், நானாவின் கணக்குப்படி இன்னும் ஒரு கிழமை.

ஜூன் 11
கச்சான் காற்று அனலாக வீசுகிறது. பத்து மணிக்கு மேல் பறவை முட்டைமேல் உட்காரவில்லை, நிழல் விழும்படி நின்றுகொண்டிருந்தது. அதன் சோடி தண்ணீருக்குப் போய் வயிற்றை நன்றாக நனைத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட நடந்து வந்து முட்டைமேல் அமர்ந்தது. ஒரு மணி நேரத்தில் நாலு தரம்! இந்த வெயிலில் நான் கிட்டப் போய் அதை எழுப்பிவிட்டால் முட்டை வெந்துவிடும். அதனால் அறுபது மீற்றர் தள்ளி, ஓட்டோவுக்குள் இருந்தபடி 500 மில்லிமீற்றர் லென்ஸ்தான். கானலில் படமெல்லாம் நெளிந்து போயிற்று. சரி, இனி காலை ஆறிலிருந்து எட்டு வரை மட்டும்.

ஜூன் 14
கூட்டில் மாற்றமில்லை. வரும் வழியில் மணலில் உருண்டோடும் சின்ன உப்புக்கொத்திப் பறவைகளைப் பார்த்தேன். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் இவற்றை 2023இல்தான் தனி இனமாகப் பிரித்து, ஹனுமான் பெயரை வைத்தார்கள்.

ஜூன் 16
பொரித்துவிட்டது! ஆறரைக்கு முதல் குஞ்சு ஓட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. அலகு நுனியில் வெள்ளையாக, ஓட்டை உடைக்க உதவும் முட்டைப்பல். பெரிய பறவை உடனே ஓட்டைக் கௌவி எடுத்துத் தூரக் கொண்டுபோய்ப் போட்டது. ஓட்டின் உட்பக்க வெள்ளை காகத்தின் கண்ணில் பட்டால் கதை முடிந்துவிடும்.

ஈரம் காய்ந்ததும் பஞ்சுருண்டைபோல ஆகிவிட்டன. கால் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத நீளம். எட்டு மணிக்கு மூன்று குஞ்சுகள் ஒன்றாகத் தாயின் வயிற்றுக்கடியில் நுழைந்தபோது, ஒரே பறவைக்கு எட்டுக் கால் முளைத்தது போலிருந்தது. நாலாவது முட்டையில் விரிசல் மட்டும்.

ஜூன் 17
காலை ஏழு மணிக்கே பள்ளம் வெறும் பள்ளம். நாலும் தண்ணீர் விளிம்பில் நின்று தாமாகவே கொத்தித் தின்கின்றன. ஆட்காட்டி குஞ்சுக்கு ஊட்டிவிடாது. காவலும் சூடும்தான் பெற்றோர் கொடுப்பது.

அப்போது இரண்டு பெடியன்கள் கைபேசியுடன் நேரே நடந்து வந்தார்கள். பெரியவை தலைக்கு மேல் சுற்றி அலறின. அலறிய கணத்திலேயே ஒரு குஞ்சு மாட்டுக் குளம்புத் தடத்துக்குள் படுத்துக் கழுத்தை ஒடுக்கிக்கொண்டது. பிடரியில் இருந்த வெள்ளைப் பட்டை மறைந்ததும் குஞ்சே மறைந்துவிட்டது. அதைத் தேடிக் கண்டுபிடித்து, ஒரு முழத் தூரத்தில் படம் எடுத்தார்கள். “எவ்வளவு அமைதியா இருக்கு, அண்ணா” என்றான் ஒருவன். அமைதி இல்லை, தம்பி, பயம் என்றேன். சொன்னதும் விலகிப் போனார்கள், நல்ல பிள்ளைகள். அதற்குப் பிறகும் பதினெட்டு நிமிடம் அந்தக் குஞ்சு அசையவில்லை. பதினெட்டு நிமிடம் இரை இல்லை, நிழலும் இல்லை.

போன வருடம் நான் போட்ட படங்களிலும் அப்படிப் படுத்திருக்கும் குஞ்சு ஒன்று உண்டு. ‘இயல்பான நிலையில்’ என்று வேறு எழுதியிருந்தேன். இன்று இரவு அதை நீக்கிவிட்டேன்.

ஜூன் 21
மூன்றுதான் இருக்கின்றன. காகமா கீரியா தெரியாது, நாலாவதைக் காணவில்லை. மனம் கனத்துப் போயிற்று.

ஓட்டோவின் இயந்திரத்தை நிறுத்தி ஒரு மணி நேரம் இருந்தேன். பெரியது ஒற்றைக் காலால் சேற்றைத் தட்டித் தட்டிப் பூச்சியைக் கிளப்ப, ஒரு குஞ்சு பின்னாலேயே போய் அந்த இடத்தைக் கொத்தியது. அப்புறம் பக்கவாட்டில் நடந்து, பன்னிரண்டு மீற்றருக்குள் தானாக வந்தது. நின்றது. காலைத் தூக்கிக் காதடியைச் சொறிந்தது. விரல் நீளம்கூட இல்லாத சிறகை ஒருபக்கம் நீட்டி, அதே பக்கக் காலையும் பின்னால் நீட்டிச் சோம்பல் முறித்தது. மூன்று படம் எடுத்தேன். பெரியது அருகிலேயே நின்று இறகு கோதிக்கொண்டிருந்தது, ஒரு தரமும் கத்தவில்லை.