வியாழனின் நிலாக்கள்: பெயரின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள்

வியாழன் கோளின் ஆங்கிலப் பெயரான ஜூபிடர் என்பது ரோமானியக் கடவுளின் பெயர். கிரேக்கர்களுக்கு அவர் ஜீயஸ். கோளுக்கு ரோமானியப் பெயர் இருந்தாலும் அதன் நிலாக்களில் பெரும்பாலானவற்றின் பெயர்க்காரணத்தைக் கிரேக்கக் கதைகளில்தான் தேட வேண்டும். அயோ, யூரோப்பா, கலிஸ்டோ மூவரும் ஜீயஸ் ஆசைப்பட்ட பெண்கள். கனிமீட் அவர் கழுகு தூக்கிப்போன ட்ராய் இளவரசன்.

இந்த நான்கையும் 1610 ஜனவரியில் கண்ட கலிலியோ, ஃப்ளாரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் பெயரைத்தான் வைத்தார். நாம் இப்போது சொல்லும் பெயர்களை 1614-ல் அச்சில் கொண்டுவந்தவர் ஜெர்மன் வானியலாளர் சைமன் மாரியஸ். யோசனை சொன்னவர் கெப்ளர். ஆனாலும் 20-ம் நூற்றாண்டு வரை வானியலாளர்கள் பெரும்பாலும் எண்களையே புழங்கினார்கள்.

உண்மையான சுவாரஸ்யம் வெளி நிலாக்களில்தான். கலிஸ்டோ சுமார் 18.8 லட்சம் கி.மீ. தொலைவில் சுற்றுகிறது. இவை அதையெல்லாம் தாண்டி, சாய்ந்த பாதைகளில் திரிபவை. வேறெங்கிருந்தோ வந்து வியாழனின் ஈர்ப்பில் சிக்கியவை என்று கருதப்படுகிறது. பெயர் 'ஆ' ஒலியில் முடிந்தால், வியாழன் தன்னைத்தானே சுற்றும் திசையிலேயே அந்த நிலாவும் போகும். ஹிமாலியா, எலாரா, லைசித்தியா, லீடா அப்படிப்பட்டவை. ஹிமாலியா சுமார் 1.14 கோடி கி.மீ. தொலைவில், ஏறக்குறைய 250 நாளில் ஒரு சுற்று முடிக்கிறது. 'ஏ' என்று முடிந்தால் எதிர்த்திசை: கார்மே, அனான்கே, பாசிஃபயே, சினோப்பே. கார்மேவுக்கு ஒரு சுற்றுக்கு இரண்டு ஆண்டு பிடிக்கும். நேர்த்திசையில் போனாலும் பாதை மிக அதிகமாகச் சாய்ந்திருந்தால் 'ஓ': தெமிஸ்டோ, கார்ப்போ. பெயரைக் கேட்டதுமே பாதையின் போக்கு பிடிபடும் இப்படியொரு ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது.

தடுமாற்றம் வருவது மூன்று இடங்களில். முதலாவது, இந்த விதி வெளி நிலாக்களுக்கு மட்டுமே. அயோவும் கலிஸ்டோவும் 'ஓ'வில் முடிந்தாலும் அவற்றின் பாதை சாய்ந்ததல்ல; உள்ளே சுற்றும் தேபே 'ஏ'யில் முடிந்தாலும் எதிர்த்திசையில் போவதில்லை. இரண்டாவது, தமிழில் எழுதும்போது கார்மி, அனாங்கி என்று ஆகிவிடுவதுண்டு. அந்த 'இ'யையும் 'ஏ'யாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, பழைய நூல்கள். 1975-ல் அதிகாரபூர்வப் பெயர்கள் வருவதற்கு முன் பாசிஃபயேவைப் பொசைடன் என்றும் சினோப்பேவை ஹேடிஸ் என்றும் சிலர் எழுதிவந்தார்கள்.

காதலிகள் பட்டியல் போதாமல் போனதால் 2004 முதல் ஜீயஸின் வழித்தோன்றல்களின் பெயர்களும் ஏற்கப்படுகின்றன. எர்சா, பாண்டியா இருவரும் ஜீயஸுக்கும் நிலாத் தெய்வம் செலீனிக்கும் பிறந்த மகள்கள். கடைசி எழுத்து விதி இவற்றுக்கும் பொருந்தும்.

2011-ல் கிளம்பி 2016 ஜூலையில் வியாழனை அடைந்த விண்கலத்துக்கு நாசா ஜூனோ என்று பெயர் வைத்தது மிகப் பொருத்தம். ஜூபிடர் மேகத்திரைக்குப் பின்னால் ஒளிந்து செய்ததை ஊடுருவிப் பார்த்தவள் அவர் மனைவி ஜூனோ. இந்தக் கலமும் நுண்ணலைக் கருவியால் மேகங்களுக்கு அடியில் பார்த்தது.

நிலாக்களில் வலேடுடோ தனி ரகம். உடல்நலத்துக்கான ரோமானியத் தேவதையின் பெயர். குறுக்களவு சுமார் 1 கி.மீ.தான். 'ஏ' நிலாக்கள் எதிர்த்திசையில் வரும் பகுதிக்குள்ளேயே இது மட்டும் நேர்த்திசையில் போகிறது. அதனால் என்றாவது ஒருநாள் அவற்றில் ஒன்றோடு நேருக்கு நேர் மோத வாய்ப்புண்டு என்று 2018-ல் இதை அறிவித்த குழுவே சொன்னது.