கொடி காடு, கிழங்கு சுண்டுவிரல்

தைப்பூசத்தை ஒட்டிப் பினாங்கில் மழை அடங்கி வெயில் ஏறும். ஜனவரியும் பிப்ரவரியும்தான் இங்கே நமக்குக் கோடை மாதிரி. அந்த வெயிலில் சர்க்கரைவள்ளிக் கொடி வேலி தாண்டி ஓடும். மூன்றரை மாதம் கழித்துத் தோண்டினால் சுண்டுவிரல் தடிமனில் நாலு வேர் கிடைக்கும். உரம் போதவில்லை என்று அடுத்த முறை இன்னொரு கை யூரியா போடுகிறார்கள். கெடுத்ததே அந்த யூரியாதான்.

இலை தயாரிக்கும் மாவுச்சத்து கீழே இறங்கிச் சேரும் கிடங்குதான் கிழங்கு. யூரியாவில் இருப்பது தழைச்சத்து (நைட்ரஜன்). அது மிஞ்சினால் செடி புது இலை விட்டுக்கொண்டே இருக்கும். கீழே அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. முதல் மாதம் இலை வேண்டும், அதனால் கொஞ்சம் தழைச்சத்து. அதற்குப் பிறகு பொட்டாஷ், அதாவது சாம்பல்சத்து.

உரக்கடையில் பாஜா ஹிஜாவ் (பச்சை உரம்) என்றால் 15-15-15, பாஜா பிரு (நீல உரம்) என்றால் 12-12-17. எண்கள் வரிசையாகத் தழைச்சத்து, மணிச்சத்து, பொட்டாஷ் சதவீதம். கிழங்குக்கு நீலம்தான் சரி. ஆனால் மூட்டையைப் பிரிக்கும் முன் மண்ணைக் கவனியுங்கள். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் இருப்பது பெரும்பாலும் கட்டுமானத்தின்போது கொட்டிய செம்மண். புளிப்பு அதிகம், அதில் வேர் ஓடாது. நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே சதுர மீட்டருக்கு 200 கிராம் டோலமைட் சுண்ணாம்பைக் கொத்திக் கலந்துவிட வேண்டும். அதே நாளில் கோழி எரு போடாதீர்கள். சுண்ணாம்பு பட்டதும் எருவின் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும், பக்கத்து வீட்டுக்காரருக்கும் மூக்கில் ஏறும். ஒரு வாரம் கழித்து நன்றாக மக்கிய ஆட்டுப் புழுக்கையைச் சதுர மீட்டருக்கு 2 கிலோ கலந்தால் போதும்.

சர்க்கரைவள்ளிக்கு 30 சென்டிமீட்டர் உயரத்தில் வரப்பு கட்டி, கொடி நட்ட நாலாவது வாரம் முதல் உரம். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, இரண்டு விரல் ஆழத்தில் கோடு கிழித்து, செடிக்கு இரண்டு தேக்கரண்டி நீல உரம் தூவி மண்ணை மூடுங்கள். தலைதட்டிய கரண்டி, குவித்தது அல்ல. ஏழாவது வாரம் செடிக்கு ஒரு தேக்கரண்டி பொட்டாஷ் மட்டும். அதோடு உரம் முடிந்தது. கணுவில் வேர் பிடித்த கொடியை மட்டும் அவ்வப்போது தூக்கி விடுங்கள்.

வெயில் காலத்தில் அளவைவிட முக்கியம் ஈரம். காய்ந்த மண்ணில் விழுந்த உரம் இருக்கிற துளி ஈரத்திலேயே கரைந்து கெட்டி உப்புக் கரைசலாகி, வேரில் உள்ள தண்ணீரை வெளியே இழுத்துவிடும். மூன்று நாலு நாளில் இலை ஓரம் கருகும். அதனால் முதல் நாள் மாலையே தண்ணீர் விட்டு, மறுநாள் காலை வெயில் ஏறும் முன் உரம் போட்டு, உடனே சதுர மீட்டருக்கு 5 லிட்டர் தண்ணீர். கருகல் தெரிந்துவிட்டால் கண்ணில் படும் குருணையைப் பொறுக்கிவிட்டு, சதுர மீட்டருக்கு 20 லிட்டர் வீதம் இரண்டு தரம் ஊற்றிக் கழுவ வேண்டும். போலிபேக்கில் (செடி வளர்க்கும் பிளாஸ்டிக் பை) மண்மேல் வெள்ளைப் பூச்சு படிந்தாலும் இதுவே வைத்தியம்: பை கொள்ளும் அளவைப்போல் இரண்டு மடங்கு தண்ணீர்.

கோலாலம்பூரில் சங்கதி வேறு. வெயில் நாளிலும் மாலையில் இடியோடு கொட்டித் தீர்க்கும். தழைச்சத்தும் பொட்டாஷும் கால்வாயில் போகும். அங்கே அதே அளவை இரண்டாகப் பிரித்து, பத்து நாள் இடைவெளியில் போடுவது நல்லது.

முள்ளங்கிக்கு ஆயுள் 45 நாள்தான், தாமதித்துப் போடும் உரத்துக்கு அர்த்தமில்லை. விதைத்த 12ஆம் நாள் நெருக்கமாக முளைத்த செடிகளைப் பிடுங்கிக் கலைத்துவிட்டு, சதுர மீட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி பச்சை உரம். 24ஆம் நாள் அதே அளவு நீலம். வேர் இரண்டாகக் கவட்டை பிரிந்தால் மக்காத எருவோ கல்லோ கட்டிமண்ணோ காரணம். வெடித்தால் நாலு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் வெள்ளமாய் ஊற்றியது காரணம், உரத்தைத் திட்ட வேண்டாம். வெட்டிப் பார்த்து நடுவில் பழுப்பாக இருந்தால் அது பெரும்பாலும் போரான் குறை. அடுத்த விதைப்பில் சதுர மீட்டருக்கு 1 கிராம் போராக்ஸை 5 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஒரே ஒரு முறை ஊற்றுங்கள். கூடினால் அதுவே நஞ்சு.

கேரட்டைக் குளிரான கேமரன் மலைக்கே விட்டுவிடலாம்.

விறகடுப்புச் சாம்பல் நல்ல பொட்டாஷ்தான், சதுர மீட்டருக்கு இரண்டு கைப்பிடி தாராளம். யூரியாவோடும் கோழி எருவோடும் மட்டும் சேர்க்காதீர்கள். சுண்ணாம்பு செய்யும் அதே வேலையைச் சாம்பலும் செய்யும்.

நூறு நாள் தாண்டியதும் ஒரு சர்க்கரைவள்ளியைத் தோண்டிக் குறுக்கே வெட்டி வையுங்கள். வெட்டிய முகம் வெளுப்பாகக் காய்ந்தால் மொத்தமும் தோண்டலாம். கரும்பச்சையாக மாறினால் இன்னும் முற்றவில்லை. மண்ணை மூடிவிட்டு இரண்டு வாரம் விடுங்கள், உரம் எதுவும் போடாமல்.