கொழும்பு ஈரமும் சின்சில்லாவும்

சின்சில்லா என்ற அடர்ந்த ரோமமுள்ள சின்னக் கொறிணியை வாங்க நினைக்கிறவர்கள் எங்களிடம் முதலில் கேட்பது, "ஏசி இல்லாமல் சமாளிக்கலாமா?" என்றுதான். முடியாது. அதற்கு மேல் அந்தக் கேள்வியில் பேச ஒன்றுமில்லை. ஆனால் ஏசி பூட்டிய வீடுகளிலிருந்தும் சின்சில்லா நோயோடு வருகிறதே, அதுதான் பேச வேண்டியது. செல்லப்பிராணிகளைப் பராமரிக்கும் வேலையில் நாங்கள் திரும்பத் திரும்பக் காண்பது, சூட்டுக்குத் தப்பியதை ஈரம் பிடித்துக்கொள்வதைத்தான். புல்லில் ஈரம், பெலட்டில் (அழுத்திச் செய்த சிறு தீவனத் துண்டுகள்) ஈரம், குளிக்கிற தூளில் ஈரம், கடைசியில் ரோமத்தின் அடியிலும் ஈரம்.

இது சிலி நாட்டின் வறண்ட மலைச்சரிவுகளுக்கு உரிய பிராணி. ஒரே மயிர்த்துளையிலிருந்து ஐம்பதுக்கு மேல் மயிர் முளைக்கும். வியர்வை இல்லை, சூட்டை வெளியேற்றப் பெரும்பாலும் காதுகள்தான். ரோமத்துக்காக வேட்டையாடியே காட்டில் கிட்டத்தட்ட ஒழித்துவிட்டார்கள். 1923 இல் மத்தியாஸ் சாப்மன் என்ற அமெரிக்கர் 11 சின்சில்லாக்களை கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். வீட்டு வளர்ப்பு பரவியது அங்கிருந்துதான்.

வளர்ப்பவர்களிடையே ஒரு கைக்கணக்கு உண்டு. வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டில் எடுத்து ஈரப்பத வீதத்தோடு கூட்டுங்கள். 150 ஐத் தாண்டினால் ஆபத்து. கொழும்பில் சாதாரண மத்தியானம் 30 பாகை செல்சியஸ், அதாவது 86. ஈரப்பதம் 75. கூட்டினால் 161. அறையை 20 பாகையில், ஈரப்பதம் 55 இல் வைத்தால் 123. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் வேலை முழுவதும் இருக்கிறது.

ஏசி பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைத்துப் பத்தடிக்குப் பத்தடி அறைக்கு 18,000 பிடியூ (ஏசியின் குளிரூட்டும் திறனைச் சொல்லும் அளவு) பூட்டுகிறார்கள். அது அறையைச் சட்டென்று குளிராக்கிவிட்டு, காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் முன்பே நின்றுவிடும். அறை குளிரும், ஆனால் பிசுபிசுக்கும். அந்த அளவு அறைக்கு 9,000 பிடியூ இன்வேர்ட்டர் ஏசி போதும். அது மெதுவாக, நிற்காமல் ஓட வேண்டும். ஏசியின் திரையில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள். ஈரப்பதமும் காட்டும் சின்ன டிஜிட்டல் மானி ஒன்றைக் கூட்டின் நடுத்தட்டு உயரத்தில் தொங்கவிடுங்கள். காற்று நேரே கூட்டில் அடிக்கக் கூடாது. வடிகுழாய் அடைத்து ஏசி உள்ளே சொட்டத் தொடங்கினால் ஈரப்பதம் ஏறும்; இரண்டு கிழமைக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழுவும்போதே குழாயையும் பார்த்துவிடுவது நல்லது.

கரண்ட் போனால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததென்று நாடே இருண்டது. குரங்கு முன்னறிவித்தல் தராது. ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் நான்கு எப்போதும் ஃப்ரீசரில் உறைந்தபடி கிடக்கட்டும். கரண்ட் போனதும் கதவையும் திரைச்சீலையையும் மூடி, இரண்டு போத்தலைத் துவாயில் சுற்றிக் கூட்டுக்குள் வையுங்கள்; மற்ற இரண்டும் மாற்றுவதற்கு. பான்ட்ரி வேலை செய்கிறவர்களிடம் மிஞ்சும் கிரனைட் துண்டொன்றைக் கூட்டில் போட்டு வைத்தால் சின்சில்லா தானாகவே போய் அதன்மேல் வயிற்றை வைத்துப் படுக்கும். கூட்டை நனைந்த துணியால் மூடுவது நம்மவர்கள் எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. அது ஈரப்பதத்தைத்தான் ஏற்றும். மின்விசிறியும் உதவாது, வியர்க்காத உடம்புக்கு அது சூடான காற்றைத்தான் வீசும். காது செக்கச்செவேலென்று சிவந்து, பக்கவாட்டில் சாய்ந்து, வாயால் மூச்சு வாங்கினால் நிலைமை முற்றிவிட்டது. ஐஸ் தண்ணீரில் முக்காமல், குளிர்ந்த ஈரத்துணியைக் காதுகளில் ஒற்றியபடி மிருக வைத்தியரிடம் ஓட வேண்டும்.

சாப்பாட்டில் முக்கால் பங்குக்கு மேல் காய்ந்த புல். திமோதி புல் இறக்குமதிச் சரக்கு, விலையும் அதற்கேற்ப. அந்த விலையைப் பார்த்துவிட்டு வைக்கோல் போடுகிறார்கள். வைக்கோலில் சத்து கிடையாது. வெட்டிய கினிப்புல்லை மாடிப் பல்கனியில் காயவைப்பவர்களும் உண்டு. கொழும்பு வெயிலில் புல்லின் இலை காயும், தண்டின் நடுவில் ஈரம் நிற்கும், மூன்றாம் நாள் உள்ளே பூஞ்சணம். எலி சிறுநீர் படுவது தனிப் பிரச்சினை. ஆகவே புல்லில் மட்டும் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பது எங்கள் கட்சி. வாங்கிய புல்லை ஏசி அறையிலேயே, நிலத்தில் படாமல், மட்டைப் பெட்டியில் வையுங்கள். இறுகக் கட்டிய பொலித்தீனுக்குள் அது வேர்க்கும். நல்ல புல் ஒடித்தால் சத்தம் வரும்; பெட்டியைத் திறந்தால் தேயிலை டின்னைத் திறந்ததுபோல் மணக்கும். உதறும்போது வெள்ளைத் தூசு கிளம்பினால் மொத்தமாக எறிந்துவிடுங்கள், நல்ல பகுதியைப் பிரித்தெடுக்கப் பார்க்க வேண்டாம். சின்சில்லாவுக்கு வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது குடல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும்.

பெலட் நாளுக்கு ஒன்றிலிருந்து இரண்டு மேசைக்கரண்டி, சுமார் 20 கிராம். பின்னேரம் ஆறு, ஏழு மணிக்குப் போடுவது அதன் இயல்புக்குப் பொருந்தும். அது விழித்தெழும் நேரம் அது. கணக்குப் பாருங்கள்: ஒரு கிலோ பை ஒரு பிராணிக்கு 50 நாள் வரும். குசினி ராக்கையில் திறந்து மூடும் பை 50 நாளில் எவ்வளவு ஈரம் குடிக்கும்? வாங்கிய அன்றே கிழமைக் கணக்கில் பிரித்து, மூடி இறுகும் போத்தல்களில் போட்டு, ஒன்றைத் தவிர மற்றதை ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். எடுத்த போத்தல் அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே நீர் கோர்க்கும். சோளமும் சூரியகாந்தி விதையும் கலந்த வண்ணக் கலவைகள் வேண்டாம். அது விதையைப் பொறுக்கித் தின்றுவிட்டு மிச்சத்தை விட்டுவிடும். பெலட்டின் வகையை மாற்றுவதென்றால் பழையதோடு கலந்து கலந்து பத்துப் பதினான்கு நாளில் மாற்றுங்கள்.

முயலுக்குப் போடும் வல்லாரை, பொன்னாங்காணியை இதற்கும் போடலாமா என்பார்கள். நீர்ச்சத்துள்ள இலை இந்தக் குடலுக்கு ஒத்துவராது, வயிறு ஊதிவிடும். வருகிற விருந்தாளிகள் ஆசைக்காக நீட்டும் கஜு, பிளம்ஸ், மாரி பிஸ்கட்டும் அப்படியே. கொழுப்பும் சீனியும் ஈரலையும் குடலையும் கெடுக்கும். கூட்டின் கதவில் சின்னப் பூட்டொன்று போடுவது விருந்தாளிகளோடு முகம் முறிப்பதைவிட இலகு.

குளிப்பது தூளில்தான். எரிமலைச் சாம்பல் வகையைச் சேர்ந்த மெல்லிய தூள். கிழமைக்கு மூன்று முறை, பத்துப் பதினைந்து நிமிடம், பிறகு பாத்திரத்தை வெளியே எடுத்துவிடுங்கள். தெஹிவளைக் கடற்கரை மணல் ஓசியில் கிடைக்கிறதே என்று அள்ளி வருவார்கள். அது பருக்கன், உப்பு வேறு. மயிரை அறுக்கும், தோலைக் காயவைக்கும். குழந்தைப் பவுடர் நுரையீரலுக்குப் போகும். கட்டி கட்டியாகத் தெரியும் தூள் ஈரம் குடித்தது, இனி மயிருக்குள் இறங்காது. தண்ணீரில் குளிப்பாட்டினால் அந்த அடர்ந்த ரோமம் அடியில் காயவே காயாது. மூக்கு, காது, கண் ஓரங்களில் மயிர் கொட்டிச் செதில் படை தொடங்கும். அது வீட்டுப் பிள்ளைகளுக்கும் தொற்றும்.

காலமை கூட்டைக் கூட்டும்போது புழுக்கையைப் பார்க்காமல் கொட்டாதீர்கள். கடினமாக, ஒரே அளவில், நிறைய இருந்தால் எல்லாம் சரி. சிறுத்துக் காய்ந்து எண்ணிக்கை குறைந்தால் தின்னவில்லை. தட்டில் ஒட்டும் அளவுக்கு இளகினால் பெலட் கூடிப்போனது, அல்லது புல் பழுது. கிழமைக்கு ஒருமுறை குசினித் தராசில் கிண்ணம் வைத்து நிறுத்து எழுதுங்கள். வளர்ந்த சின்சில்லா பெரும்பாலும் 400 இலிருந்து 600 கிராமுக்குள் இருக்கும். தன் வழமையான நிறையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ரோமம் அதைக் காட்டாது, தராசு காட்டும். முன்பல் மஞ்சளும் செம்மஞ்சளுமாக இருப்பது ஆரோக்கியம். பலரும் அதைக் கறை என்று பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது வெளுத்த பல்லுக்கு. புல்லை வாயில் எடுத்துப் போட்டுவிட்டுப் பெலட்டை மட்டும் தின்பது, நாடி நனைந்திருப்பது இரண்டும் கடைவாய்ப்பல் கோளாறின் அடையாளம். பற்கள் சாகும்வரை வளர்கிறவை, தேய்ப்பது புல்தான். கடைவாயை வீட்டில் திறந்து பார்க்க முடியாது.

பன்னிரண்டு மணித்தியாலம் ஒன்றும் தின்னாவிட்டால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். போகுமுன் தொலைபேசியில் கேளுங்கள், முயலும் கொறிணிகளும் பார்ப்பார்களா என்று. நாய், பூனைக்குக் கைராசிக்காரரான வைத்தியருக்கு இது புதிதாக இருக்கலாம். வாய்வழியாக அமொக்சிசிலின், கிளிண்டமைசின் எழுதினால் சின்சில்லாவுக்கு அது ஆகாது என்று மரியாதையாக நினைவூட்டுங்கள். குடலின் நல்ல பக்டீரியாக்களைக் கொன்று உயிருக்கே உலை வைக்கும். பேராதனை மிருக வைத்திய பீடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னால் விடியற்காலை நான்கு மணிக்கு ஏசி வாகனத்தில் கிளம்புங்கள். வெள்ளவத்தைக்குள் ஓட்டோவில் போவதென்றாலும் கூடையில் துவாய் சுற்றிய ஐஸ் போத்தல் ஒன்று, கைப்பிடி புல், அது புழங்கிய தட்டுப்பலகை, முதல் நாளின் புழுக்கை கொஞ்சம் கடதாசியில் மடித்து எடுத்துப் போங்கள்.