பனிக்கால விடுதிக் காவல்: ஒரு நாட்குறிப்பு

அக்டோபர் 28

கடைசி விருந்தினர் கிளம்பியாயிற்று. முதல் வேலை குழாய்களைக் காலி செய்வது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். பித்தளை வால்வுகூடப் பிளந்துவிடும். பூட்டிய விடுதியில் குளிர் தனியாக எதையும் கெடுப்பதில்லை, எங்கோ தேங்கி நிற்கும் தண்ணீர்தான் கெடுக்கிறது.

வரிசை தவறக்கூடாது. பம்பை நிறுத்து. அடுத்து வெந்நீர் ஹீட்டருக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டி. தொட்டி காலியான பின் மின்சாரம் இருந்தால் உள்ளே சூடாக்கும் கம்பி கருகிவிடும். மாடியில் உள்ள எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டு, பிறகுதான் அடித்தள வடிகால் வால்வைத் திறக்க வேண்டும். மேலே காற்று நுழைந்தால்தான் கீழே தண்ணீர் இறங்கும். மிச்சத்தைக் கம்ப்ரசரால் ஊத வேண்டும். அழுத்தம் 40 பிஎஸ்ஐ போதும். ஒரு நேரத்தில் ஒரு குழாய் மட்டும் திறந்து, தூறல் நின்று வெறும் காற்று வரும்வரை விட வேண்டும்.

பலரும் மறப்பது: கைஷவரின் ஹோஸ், வாஷிங் மெஷினுக்குப் போகும் குழாய், கழிப்பறைத் தொட்டியின் அடியில் நிற்கும் இரண்டு விரற்கடைத் தண்ணீர். வாஷ்பேசின் ட்ராப்புகளில் (அடியில் தண்ணீர் தேங்கும் வளைகுழாய்) அரை லிட்டர் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற உறைதடுப்புத் திரவத்தை ஊற்றவும். வண்டி ரேடியேட்டருக்கு வாங்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம்; அதை இங்கே தொடவே கூடாது.

நவம்பர் 6

விறகு. ஈரமானியை வெளிப்பட்டையில் குத்தினால் பொய்தான் சொல்லும். கட்டையைப் பிளந்து, புதிதாகத் தெரியும் முகத்தில் நார் ஓடும் திசையில் குத்த வேண்டும். 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எரிக்கலாம். ஈரவிறகில் சூட்டின் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். புகையும் சூடு குறைந்து, புகைபோக்கியின் உள்சுவரில் தார் போலப் படியும். படிவு தீப்பிடித்தால் அணைக்க வேறு ஆள் இல்லை. இரவு முழுக்கத் தணல் இருக்கட்டும் என்று அடுப்பின் காற்றுவாயை இறுக மூடுவதாலும் இதே படிவுதான் வரும். 3 மில்லிமீட்டர் சேர்ந்தால் பிரஷ் போட வேண்டும். உச்சிப் பகுதிதான் அதிகம் குளிர்வதால் அங்கேதான் முதலில் அடையும்.

சாம்பல் மூடியுள்ள இரும்பு வாளியில், மரத்தளத்தை விட்டுத் தள்ளி. உள்ளே கங்கு நாலு நாள்கூட உயிரோடு இருக்கும்.

டிசம்பர் 14

கூரைப் பனியின் உயரத்தைப் பார்த்து எடையை முடிவு செய்யக்கூடாது. புதுப்பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ. காற்று அடித்து இறுகியது 300 கிலோவைத் தாண்டும். எடை பார்க்க நம்பகமான வழி இது. கூரையில் விழுந்த பனியும் தரையில் விழுந்த பனியும் ஒன்றல்ல என்பதால், கூரையிலிருந்தே 20க்கு 20 சென்டிமீட்டர் சதுரமாக, மேலிருந்து அடிவரை ஒரு பத்தி வெட்டி எடுக்க வேண்டும். பையில் போட்டுத் தராசில் நிறுத்து, 25 ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரில் ஏறியிருக்கும் சுமை கிடைக்கும். இன்று பத்தியின் எடை 5.2 கிலோ, அதாவது 130 கிலோ. கட்டட வரைபடத்தில் எழுதியிருக்கும் தாங்கு சுமையோடு இதை ஒப்பிட வேண்டும். உள்கதவுகள் திடீரென்று இறுகினால் கணக்கே வேண்டாம், உத்தரம் வளைகிறது என்று அர்த்தம்.

ஒரு சரிவை முழுக்க வழித்துவிட்டு மறுபக்கம் போகக்கூடாது. கூரை ஒருபக்கமாகச் சுமை தாங்கித் திருகும். இரண்டு பக்கமும் மாறிமாறி, அடியில் ஒரு சாண் விட்டு வழிக்கவும். முடிந்தவரை தரையில் நின்று நீளக்கோல் வாரியால்தான். ஏறியே ஆக வேண்டுமென்றால் கயிறு கட்டி, ஏறும் முன்னும் இறங்கிய பின்னும் ரேடியோவில் சொல்ல வேண்டும்.

ஜனவரி 9

காலை மைனஸ் 31 டிகிரி. லெட்-ஆசிட் பேட்டரி முழுச் சார்ஜில் இருந்தால் மைனஸ் 50இலும் உறையாது. தீர்ந்துபோனால் உள்ளே இருப்பது ஏறக்குறைய வெறும் தண்ணீர்தான், மைனஸ் 10க்கு முன்பே கட்டியாகிப் பெட்டி வெடிக்கும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையைச் சுழியத்துக்குக் கீழே சார்ஜ் செய்யவே கூடாது.

கேஸ் ஹீட்டரின் புகைவாயை இன்று மூன்று முறை தோண்டியாயிற்று. பனி அடைத்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளேயே சுழலும், அதற்கு மணமே இல்லை. டிடெக்டரின் பேட்டரியைச் சுவர்க்கடிகாரத்துக்கு மாற்றிப் போடும் பழக்கம் யாருக்கும் வேண்டாம்.

ஜனவரி 22

பனி உருக்கும்போது பாத்திரத்தின் அடியில் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர். வெறும் பனியைப் போட்டால் அடிப்பகுதி உருகியதை மேலே உள்ள பனி உறிஞ்சிக்கொள்ளும், வெறும் பாத்திரம் தீயும்.

ஏப்ரல் 24

ஒரு வாரமாக இரவிலும் சுழியத்துக்கு மேல். சுவருக்குள் குளிர் இன்னும் இருக்கும், அதனால் அறைகளை இரண்டு நாள் சூடாக்கிய பிறகே தண்ணீர் விட வேண்டும். வடிகாலை மூடி, பிரதான வால்வைக் கால் திருகு மட்டும் திறந்து, மாடிக் குழாய் வழியாகக் காற்று சீறி வெளியேற விடவும். டார்ச்சோடு எல்லா இணைப்புகளையும் ஒருமுறை சுற்றிப் பார்த்து, குழாய்களை மூடி ஒரு மணி நேரம் காத்திருந்து, மறுபடி ஒரு சுற்று. ஹீட்டர் தொட்டி நிரம்பி, சுடுநீர்க் குழாயில் தண்ணீர் தடையில்லாமல் ஓடியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அதன் சுவிட்ச்.