டார்ட்மூரில் சிவப்புக் கொடி பறந்தால்

டார்ட்மூருக்குக் கிளம்பும் முன் வானிலையோடு ராணுவத்தின் துப்பாக்கிச் சூட்டு அட்டவணையையும் பார்த்துவிடுங்கள். தென்மேற்கு இங்கிலாந்தில் டெவன் பகுதியிலுள்ள இந்த மேட்டுநிலத்தின் வடபாதியில் ஓக்ஹாம்ப்டன், மெரிவேல், வில்ஸ்வொர்த்தி என மூன்று பயிற்சிக் களங்கள் இருக்கின்றன. சுடும் நாட்களில் குன்றுகளின் மேல் பகலில் சிவப்புக் கொடி, இரவில் சிவப்பு விளக்கு. டார்ட்மூரின் மிக உயர்ந்த குன்றான ஹை வில்ஹேஸும் (621 மீட்டர்) ஓக்ஹாம்ப்டன் களத்துக்குள்தான் இருக்கிறது.

நாங்கள் போன அன்று கொடி இல்லை. ஏறும்போதே பூட்ஸ் கணுக்கால் வரை பீட் மண்ணில் இறங்கியது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்காமல் தங்கிய செடிகொடிதான் இந்தக் கறுப்பு மண். வழியில் வட்ட வட்டமாகக் குட்டைகள். அவற்றில் பல குண்டு விழுந்த பள்ளங்களாம். 1870களிலிருந்து பீரங்கிப் படை இங்கே சுட்டுப் பழகியிருக்கிறது. வெடிக்காத குண்டு இன்னமும் கிடக்கலாம், எந்த இரும்பையும் தொடாதே என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

மதியம் பிரின்ஸ்டவுன். நெப்போலியன் போரில் பிடிபட்ட பிரெஞ்சுக்காரர்களை அடைக்க 1809இல் திறந்த சிறை இங்கே இருக்கிறது. ஊர்த் தேவாலயத்தைக் கட்டியதும் அந்தப் பிரெஞ்சுக் கைதிகளும் பின்னால் வந்த அமெரிக்கக் கைதிகளும்தான். சிறையைச் சுற்றி மதில் இருந்தாலும் அதற்கப்பால் மைல்கணக்கில் சதுப்பு. தப்பி ஓடுகிறவன் பனிமூட்டத்தில் எந்தப் பக்கம் போவான்?

எனக்கு இவற்றையெல்லாம்விட அந்த ஊரின் பாசிக் கதைதான் பிடித்தது. முதல் உலகப் போரில் வெடிமருந்து செய்யவே பஞ்சு ஏராளமாக வேண்டியிருந்தது, காயத்துக்குக் கட்டுப்போடப் போதவில்லை. அப்போது கைகொடுத்தது சதுப்பில் வளரும் ஸ்பாக்னம் பாசி. காய்ந்தபின் தன் எடையைப் போல் சுமார் 20 மடங்கு நீரை உறிஞ்சும். அமிலத்தன்மை இருப்பதால் கிருமியும் எளிதில் வளராது. டார்ட்மூரில் குனிந்து குனிந்து பறித்து, காயவைத்து, குச்சியும் புல்லும் பொறுக்கி எடுத்து, துணிப்பையில் அடைத்து மருத்துவமனைகளுக்கு அனுப்பினார்கள். பஞ்சு கொல்லப் போக, பாசி காயத்தை ஆற்றப் போயிருக்கிறது!

சரி, அந்தப் பாசி மறுபடி வளர்ந்தால்தான் பீட் சேரும். அதற்காகப் பழைய வடிகால்களை அடைத்து, காய்ந்த சதுப்பில் நீரைத் தேக்குகிறார்கள். ஆனால் ராணுவக் களத்தில் தோண்டும் இயந்திரத்தை இறக்குவதற்கு முன், புதைந்த குண்டு இருக்கிறதா என்று நிலத்தைச் சோதித்தாக வேண்டும். வேலைச் செலவில் அதற்கும் ஒரு பங்கு ஒதுக்கியாக வேண்டும்.