அல்சூர் நாட்குறிப்பு: உருவாகாத விளையாட்டுகள்

ஜூன் 9, 2024, ஞாயிறு

மருத்துவமனையில் மாமாவுக்கு இன்றும் ஒரே சொல்தான் வந்தது. "ஆய்த்து." கன்னடத்தில் 'முடிந்தது'. தண்ணீர் கேட்பதற்கும் அதுதான், போதும் என்பதற்கும் அதுதான்.

அத்தை வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரும்வரை நான் உடன் இருந்தேன். பையின் அடியில், கணினிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் மாமாவின் கடையின் பழைய பில் புத்தகம் ஒன்று கிடந்தது. அதன் பின்பக்கங்களில், பல ஆண்டுகளாக மனத்திலேயே வைத்திருந்த விளையாட்டை எழுதத் தொடங்கினேன். ஸ்டார் வார்ஸ் படங்களின் உலகத்தில் நடக்கிற கணினி விளையாட்டு அது. அதில் ஒளிவாள் கிடையாது, துப்பாக்கி கிடையாது, விண்கலமும் ஓட்ட வேண்டியதில்லை. விளையாடுபவர் ஒரு மொழிபெயர்ப்பு டிராய்டு, அதாவது ரோபோ. ஒரு மேசை, இரண்டு தரப்பு, நடுவில் நீங்கள். ஒரு தரப்பு ஒரு வாக்கியம் பேசி முடித்ததும் உங்களுக்குச் சில நொடிகள் கிடைக்கும். அதைச் சொன்னபடியே சொல்லலாம், தணித்துச் சொல்லலாம், அல்லது ஒரு பகுதியை விட்டுவிடலாம். அவ்வளவுதான் விளையாட்டு. இதை யாரும் இதுவரை எடுக்கவில்லை என்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

ஜூன் 10

மூன்று மணி நேரம் காத்திருந்தோம். அறிக்கை வரவில்லை.

ஜூன் 12

இன்று மனம் தெளிவாக இருந்தது, நிறைய எழுதினேன்.

ஆறு மில்லியன் தொடர்புமுறைகள் தெரியும் என்று, அந்தப் படங்களின் மொழிபெயர்ப்பு டிராய்டான சி-த்ரீபிஓ தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. படங்களில் அது பெரும்பாலும் அச்சப்படுவதற்கும் புலம்புவதற்கும்தான் பயன்படுகிறது. ஆனால் 1977 படத்தில் அதை விலைக்கு வாங்குகிற நீர்ப்பண்ணைக்காரர் ஓவன் கேட்பது, காற்றிலிருந்து ஈரத்தைப் பிடிக்கும் கருவிகளின் இருமமொழி புரிகிற டிராய்டு ஒன்றைத்தான். சுமைதூக்கும் எந்திரங்களுக்கு நிரல் எழுதியதுதான் தன் முதல் வேலை, உங்கள் கருவிகளும் ஏறத்தாழ அப்படித்தான் என்று அது பதில் சொல்கிறது. அந்தப் பண்ணையில் ஒரு நாள் வேலை எப்படி இருந்திருக்கும் என்று படம் காட்டவில்லை. காட்ட நேரமும் இல்லை. என் முதல் அத்தியாயம் அங்கேதான் தொடங்குகிறது. இரண்டு சூரியன்களின் வெயிலில் நிற்கிற ஒரு கம்பம் ஏதோ சொல்கிறது. அது பழுதைப் பற்றிய முறையீடா, தண்ணீர் குறைந்த கணக்கா என்று கேட்டறிந்து ஓவனிடம் சொல்ல வேண்டும்.

சிறுவயதில் நான் ஓவனை, கதாநாயகன் லூக்கின் மாமா என்றே எண்ணிக்கொண்டிருந்தேன், ஏனென்றால் எனக்குக் கடையில் எல்லாவற்றையும் காட்டியவர் மாமா. பிறகுதான் தெரிந்தது, அவர் லூக்கின் தந்தைக்கு மாற்றாந்தாய் வழியில் சகோதரர்; நம் முறையில் சித்தப்பாவோ பெரியப்பாவோ ஆக வேண்டும். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே சொல் இருப்பதால் வந்த குழப்பம் அது. விளையாட்டில் இதையே ஒரு கட்டமாக வைக்கலாம் என்று குறித்திருக்கிறேன்: ஒரு மொழியில் உறவுக்கு ஒரே சொல்தான் இருக்கிறது, கேட்கிறவரின் மொழியில் நான்கு இருக்கின்றன, எதைத் தேர்ந்தாலும் சொத்து ஒருவருக்குப் போய்விடுகிறது.

ஜூன் 13

மாமாவுக்கு லேசான காய்ச்சல். எழுதவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

மார்ச் மாதத்தில் பெங்களூரில், அல்சூரில், எங்கள் தெருவில் ஆழ்துளைக் கிணறு வற்றி, டேங்கருக்காக இரவு இரண்டு மணிவரை விழித்திருந்தோம். இந்த மாதம் 2ஆம் தேதி ஒரே நாளில் 111 மில்லிமீட்டர் மழை கொட்டி, அதே தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரியை மேலேற்றிக் கொண்டுவந்து குடிக்கிற ஊர் இது. பாலைவனக் கோளில் நீர்ப்பண்ணை நடத்தும் விளையாட்டை எழுத இதைவிடப் பொருத்தமான ஊர் எங்கே இருக்கிறது?

பண்ணை விளையாட்டு என்றால் பயிரை நட்டு, அறுவடை செய்து, விற்று, நிலத்தைப் பெருக்கிக்கொண்டே போவது என்று ஆகிவிட்டது. என் பண்ணை பெருகாது. அளவு என்பது ஒரு டம்ளர். இன்று ஒன்பது டம்ளர் பிடித்தீர்கள் என்றால், சமையலுக்கு எத்தனை, கருவியைக் குளிர்விக்க எத்தனை, பக்கத்துப் பண்ணைக்குக் கடனாக எத்தனை என்று பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கம்பமும் தன் மொழியில் பேசும். டிராய்டுக்கு அந்த மொழி மெல்ல மெல்லப் பழகும். பெருகுவது அது ஒன்றுதான்.

ஜூன் 17

சி-த்ரீபிஓவின் துணை டிராய்டான ஆர்டூ-டிடூவின் பேச்சுக்குப் படங்களில் கீழெழுத்து வருவதில்லை. லூக்கின் போர் விமானத்துத் திரையில் எழுத்தாக ஓடும் இடங்களை விட்டுவிட்டால், அது சொன்னது என்ன என்பது எதிரில் இருப்பவர் தரும் பதிலிலிருந்துதான் நமக்குத் தெரிகிறது. அந்த ஒலியை உருவாக்கிய பென் பர்ட், ஒரு ஏஆர்பி 2600 சிந்தசைசரின் ஒலியோடு, மழலைபோலத் தானே எழுப்பிய குரலையும் கலந்தார். அதனால்தான் சொல்லே இல்லாத அந்த ஒலியில் கோபமும் கெஞ்சலும் நமக்குக் கேட்கின்றன.

இன்று காலை மாமா சொன்ன "ஆய்த்து"களை எண்ணினேன். இருபத்து மூன்று. அத்தை அவற்றில் ஒன்றைக்கூடத் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை.

ஜூன் 20

இந்த விளையாட்டுக்கு மிக அருகில் வந்தது 2003இல் பயோவேர் வெளியிட்ட 'நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்'. மாமாவின் கடையில் மூன்றாம் எண் கணினியில், எஸ்.பி. ரோட்டிலிருந்து அவர் வாங்கிவந்து போட்ட புதிய கிராஃபிக்ஸ் கார்டின் துணையால் அதை ஓட்டினேன். அதில் எச்கே-47 என்ற டிராய்டு இருக்கிறது. டட்டூயினில், அந்த இரண்டு சூரியன்களின் கோளில், ஒரு கடையில் அதை விலைக்கு வாங்கலாம். மணல்வாசிகளின் தலைவரிடம் பேச அதன் மொழிபெயர்ப்பு உதவுகிறது. அதன் நினைவு பகுதி பகுதியாகப் பூட்டப்பட்டிருக்கிறது. நாம் பழுதுபார்க்கப் பார்க்க, ஒவ்வொரு முன்னாள் உரிமையாளரின் கதையும் திறக்கிறது. அந்த இடங்களில் நான் மூச்சுவிடாமல் படித்தேன். ஆனால் எச்கே-47 உண்மையில் கொலைக்காகச் செய்யப்பட்டது, மொழிபெயர்ப்பு அதற்கு முகமூடி. எதிரில் இருப்பவரைச் சுட அனுமதி கேட்டபடியே இருக்கும். எல்லாரும் அதற்காகவே அதை விரும்பினார்கள், அந்த விருப்பத்தில் எனக்குக் குறை இல்லை. எனக்கு வேண்டியது அந்த முகமூடியின் பக்கம்தான்.

2004 டிசம்பரில் வந்த இரண்டாம் பாகத்திலிருந்து, டிராய்டுகள் மட்டுமே வாழும் எம்4-78 என்ற கோளையே வெட்டிவிட்டார்கள். அதை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்துக்குக் கிடைத்த காலம் அவ்வளவு குறைவு. பின்னாளில் ரசிகர்கள் கோப்புகளில் எஞ்சியதைக் கொண்டு அதைத் திருப்பிக் கட்டினார்கள். வெட்டப்பட்ட பகுதிகளை 2022இல் நின்டெண்டோ ஸ்விட்ச் பதிப்புக்குத் தருவதாகச் சொல்லி, 2023இல் அதையும் கைவிட்டார்கள். ஒரே உள்ளடக்கம் இரண்டு முறை உருவாகாமல் போனதை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

ஜூன் 21

மருத்துவமனையின் லிஃப்டை இயக்குபவர் மாடியின் எண்ணைக் கேட்பதில்லை, முகத்தைப் பார்த்தே அழுத்துகிறார்.

ஸ்டார் வார்ஸின் கோரஸாண்ட் நகரத்துக்கு 5127 அடுக்குகள். அவற்றுள் கீழ்த்தட்டில் உள்ள 1313ஐப் பெயராகக் கொண்ட விளையாட்டை 2012 ஜூனில் காட்டினார்கள். அந்த அக்டோபரில், ஸ்டார் வார்ஸின் உரிமையாளரான லூகாஸ்ஃபிலிமை வாங்குவதாக டிஸ்னி அறிவித்தது. 2013 ஏப்ரல் 3 அன்று, அதன் விளையாட்டு நிறுவனமான லூகாஸ்ஆர்ட்ஸின் உருவாக்கப் பிரிவை மூடியபோது அதுவும் நின்றது. பரிசுக்காக ஆளைப் பிடிப்பவனின் கதை அது. அந்த அடுக்குகளுக்கு இடையில் லிஃப்ட் இயக்குபவரின் விளையாட்டு என் பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. ஒரு வரிக்கு மேல் வளரவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

நினைவழிப்பு. இரண்டு நாட்களாக இதைத் தவிர வேறு எதையும் என்னால் யோசிக்க முடியவில்லை.

கதையில் முன்னதாக நடக்கும் 2005 படத்தின் முடிவில் த்ரீபிஓவின் நினைவை அழித்துவிடுமாறு உத்தரவிடுகிறார்கள். ஆர்டூவை விட்டுவிடுகிறார்கள். ஆகவே பழைய படத்தில் டட்டூயினின் அந்தப் பண்ணைக்கு வரும்போது, தான் முன்பு அங்கேயே வாழ்ந்தது த்ரீபிஓவுக்குத் தெரியாது. ஓவனும் அதை அடையாளம் காண்பதில்லை. காலவரிசையில் பார்த்தால் இதைவிடத் துயரமான காட்சி அந்தத் தொடரில் இல்லை என்று நினைக்கிறேன்.

என் திட்டம் இது: ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் உரிமையாளர் மாறுவார், நினைவு அழிக்கப்படும், திரையில் நீங்கள் சேர்த்துவைத்த அகராதி காலியாகிவிடும். விளையாட்டு உங்களுக்காக எதையும் சேமித்துவைக்காது. ஆனால் நீங்கள் பக்கத்தில் வைத்திருக்கும் காகிதத்தில் எழுதியது அப்படியே இருக்கும். டிராய்டு மறந்ததை நீங்கள் நினைவில் வைத்திருக்கிறீர்கள், ஆகவே அடுத்த மேசையில் அது தனக்கே தெரியாத காரணத்தால் சரியான சொல்லைத் தேர்ந்தெடுக்கிறது. சொற்களை ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மாற்றி அமைத்தால், ஒருவரின் குறிப்பு இன்னொருவருக்குப் பயன்படாது. அவரவர் கையெழுத்துதான் அவரவர் நினைவு.

மொழிகள் எந்த வரிசையில் போக வேண்டும்? கடைசியாகக் கற்றது முதலில் போகும், முதலில் கற்றது கடைசிவரை நிற்கும் என்று எழுதியிருந்தேன். கேட்க அழகாக இருந்தது. இன்று அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன். பல மொழி தெரிந்தவர்களுக்கு அவை ஒரே அளவில் திரும்புவதில்லை, கற்ற வரிசையிலும் திரும்ப வேண்டியதில்லை என்று மருத்துவர் சொன்னார். மாமா பிறந்தபோது கேட்டது தமிழ். தெலுங்கும் தக்னி உருதும் ஆங்கிலமும் கடையில் கற்றவை. நின்றிருப்பது ஒரு கன்னடச் சொல், வாடிக்கையாளரின் நேரம் முடிந்ததும் மணிக்கணக்கைக் கூட்டிப் பார்த்து அவர் சொல்லும் சொல்.

ஜூன் 24

பேச்சுப் பயிற்சியாளர் விரலை மடக்கி எண்ணச் சொன்னார். மாமா ஒன்று முதல் ஒன்பது வரை தமிழில் தடையின்றிச் சொன்னார். பிறகு நான்கை மட்டும் தனியாகக் கேட்டபோது வரவில்லை.

ஜூன் 27

அலுவலக நண்பர் பார்க்க வந்தார். பெயர்களை எல்லாம் மாற்றிவிட்டு இதைச் சொந்த உலகமாக எடுக்கலாமே என்றார். உரிமை லூகாஸ்ஃபிலிமிடம் இருக்கிறது, என்னால் இதை ஒருநாளும் வெளியிட முடியாது என்பது எனக்குத் தெரியும். எமி ஹென்னிக் போன்ற பேர்பெற்ற விளையாட்டு இயக்குநரின் தலைமையில், ஒரு பெரிய நிறுவனத்தின் பணத்தில் உருவான ஸ்டார் வார்ஸ் கொள்ளைக் கதை விளையாட்டே, 2017 அக்டோபர் 17 அன்று விசரல் நிறுவனத்தை மூடியபோது முழுமையடையாமல் போயிற்று. தரையிலிருந்து விண்வெளிக்கு இடைவெளியின்றிப் பறக்கவிருந்த மூன்றாம் 'பேட்டில்ஃபிரண்ட்'டும் 2008இல் நின்றது. அந்த வரிசையில் என் பில் புத்தகத்துக்கு இடம் இல்லை.

இருந்தாலும் மாற்ற மாட்டேன். புது உலகமாக இருந்தால், அங்கே எந்தப் போர் நடக்கிறது, யார் யாரை ஒடுக்குகிறார்கள் என்பதை நான்தான் விளக்க வேண்டும். இங்கே விளக்க வேண்டியதில்லை. மேசைக்கு எதிரில் பேரரசின் வெள்ளைக் கவசம் அணிந்த சிப்பாய் வந்து அமர்ந்தாலே, எந்த வாக்கியத்தைத் தணிக்க வேண்டும் என்று விளையாடுபவருக்கு வயிறு சொல்லிவிடும். உலகம் ஏற்கெனவே பேசி முடித்திருப்பதால்தான் மொழிபெயர்ப்பாளருக்குப் பேச இடம் கிடைக்கிறது.

ஜூன் 29

வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டோம். சோமேசுவரர் கோயில் மணி கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜூலை 2

கிளர்ச்சியாளர்கள் ஹோத் என்ற பனிக்கோளிலிருந்து தப்பி வெளியேறும் அத்தியாயத்தை எழுதினேன். பாதுகாப்புக் கவசத்தைச் சிறிது நேரத்துக்கே திறக்க முடியும். ஒரு சரக்குக் கப்பலுக்கு இரண்டு போர் விமானங்கள்தான் துணை. எந்தக் கப்பலில் யாரை ஏற்றுவது என்று கத்துகிற பல மொழிக் குரல்களுக்கு நடுவே டிராய்டு நிற்கிறது. எழுதி முடித்தபின் சலிப்பாக இருந்தது. இது எனக்குத் தெரிந்த இடம் இல்லை, குண்டு விழும் ஒலிதான் முன்னால் நிற்கிறது. எடுத்துவிடலாம்.

எனக்குத் தெரிந்த இடம் கடைதான். மின்சாரம் போன ஒரு மாலை, பையனின் காசை ஏமாற்றிவிட்டீர்கள் என்று அவனுடைய தந்தை உருதில் கத்திக்கொண்டு வந்தார். உள்ளே இருந்த பெரியவர் கன்னடத்தில் அவரை வெளியே போகச் சொன்னார். மாமா இருவருக்கும் நடுவே நின்று, ஒருவர் சொன்னதை மற்றவருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு அப்போது இரண்டு மொழியும் தெரியும், ஆகவே கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் சொன்னவற்றில் பாதி, அவர்கள் சொன்னவையே அல்ல. இருவரும் கை குலுக்கிவிட்டுப் போனார்கள்.

ஜூலை 5, வெள்ளி

பழைய அழைப்பிதழ்களை வெட்டிச் சீட்டுகள் செய்தேன். நாற்பது வாக்கியச் சீட்டுகள். தேர்வுக்கு மூன்று சீட்டுகள்: சொன்னபடி, தணித்து, விட்டுவிட்டு. மாமாவுக்கு வாசிப்பது கடினம் என்பதால் நானே உரக்கப் படித்தேன். எதிர்த் தரப்பில் அத்தை அமர்ந்தார்.

முதல் வாக்கியம் ஹட் இனத்து வணிகனுடையது: உன் தந்தை கொடுத்த விலையை மறந்துவிடு, அவர் முட்டாளாக இருந்தார். மாமா மூன்று சீட்டுகளையும் நெடுநேரம் பார்த்தார். இடக்கையால் மூன்றாவதைத் தொட்டார், பிறகு விட்டுவிட்டார். தலையை அசைத்துக்கொண்டே இருந்தார். நான் அவசரப்பட்டு, விட்டுவிட்டுச் சொல்லலாமா என்று கேட்டேன். இல்லை என்கிற "ஆய்த்து" வந்தது. பிறகு தன் பக்கத்தில் இருந்த தண்ணீர் டம்ளரை இடக்கையின் பின்புறத்தால் மெல்லத் தள்ளி, மேசையைக் கடந்து, பாதி சிந்தியபடி அத்தையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அத்தை சிரித்துக்கொண்டே குடித்தார். அதன் பிறகுதான் மாமா 'தணித்து' என்ற சீட்டைத் தள்ளினார்.

கடையில் யார் கத்திக்கொண்டு வந்தாலும், அவர்கள் சொல்வதைக் கேட்பதற்கு முன்பே எதிர்க்கடைக்குக் குரல் கொடுத்து டீ சொல்லிவிடுவார்.

டட்டூயினில் டீயைப் பார்த்த நினைவு இல்லை, நீலப் பால் இருக்கிறது. நான்காவது சீட்டை வெட்டி, "முதலில் நீலப் பால் ஊற்று" என்று எழுதி மேசையில் வைத்தேன். இதற்கு நொடிக்கணக்கு ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா என்று நாளை அவரிடமே கேட்க வேண்டும்.