குழந்தைக்கு வாசல் கல்யாணம் மட்டும்தானா?

1966-ல் ஜப்பானில் பிறப்புகள் திடீரென்று கால் பங்கு குறைந்தன. போரும் இல்லை, பஞ்சமும் இல்லை. அது 60 வருஷத்துக்கு ஒருமுறை வரும் 'நெருப்புக் குதிரை' ஆண்டு. அதில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகமாட்டாள் என்பது நம்பிக்கை. பிறப்பது பெண்ணாகிவிட்டால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள் என்ற பயத்தில் பலர் பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட்டார்கள். 1965-ல் ஒரு பெண்ணுக்கு 2.14 பிள்ளை என்று இருந்த மொத்த கருவள விகிதம் 1.58-க்கு இறங்கி, 1967-ல் 2.23-க்கு ஏறியது.

இந்த எண்ணைப் பலரும் தப்பாகப் படிக்கிறார்கள். ஒரே ஒரு வருஷத்தில் ஒவ்வொரு வயதுப் பெண்களும் என்ன வேகத்தில் பெற்றார்கள் என்பதைக் கூட்டி வருவது அது. எந்தப் பெண்ணின் முழு வாழ்க்கைக் கணக்கும் அல்ல. முதல் பிள்ளையை எல்லாரும் நாலைந்து வருஷம் தள்ளினாலே விகிதம் சரியும், கடைசியில் பெறுவது அதே இரண்டாக இருந்தாலும். செக் நாட்டில் 1999-ல் 1.13, 2021-ல் 1.83. அங்கே ஏற்ற இறக்கத்தில் பெரும்பங்கு இந்தத் தள்ளிப்போடல்தான்.

ஆகவே நாடுகளை ஒப்பிடும்போது இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைக்க வேண்டும்: கல்யாணமாகாத தாய்க்குப் பிறப்பவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர்? பிரான்சில் 60-ஐ ஒட்டி. தென்கொரியாவில் 5 அளவில். ஜப்பானில் 2 அல்லது 3. இந்த இரண்டு நாடுகளிலும் கல்யாணம் தள்ளிப்போனால் குழந்தையும் கூடவே தள்ளிப்போகும், நின்றால் நிற்கும். 2023-ல் தென்கொரியாவின் கருவள விகிதம் 0.72.

மனப்பான்மை என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வது அரசுத் தாளிலேயே எழுதியிருக்கும். ஜப்பானின் குடும்பப் பதிவேடான கொசெகியில், தம்பதியின் பிள்ளை 'மூத்த மகன்', 'மூத்த மகள்' என்று பதிவாகும். மணமாகாத தாயின் பிள்ளைக்கு 2004 வரை வெறுமே 'ஆண்', 'பெண்'. அந்த ஒற்றைச் சொல்லே பிறப்பைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்பா சொத்திலும் தம்பதியின் பிள்ளைக்குக் கிடைப்பதில் பாதிதான் அதற்குக் கிடைத்தது. 2013-ல் உச்ச நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு விரோதம் என்றது. பிரான்சில் மணமாகாத அப்பா நகராட்சி அலுவலகத்தில் 'இது என் பிள்ளை' என்று கையெழுத்துப் போட்டால் போதும், பிறப்பதற்கு முன்பேகூட. எந்தச் சமூகத்தில் வயிற்றுப் பிள்ளையோடு ஒரு பெண் பயப்படாமல் நடப்பாள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அதற்காக, கல்யாணக் கட்டு தளர்ந்தால் பிறப்பு கூடிவிடும் என்று முடிவுகட்டவும் கூடாது. இத்தாலியில் பத்தில் நான்கு பிள்ளைகள் மணமாகாத பெற்றோருக்குப் பிறக்கிறார்கள், கருவள விகிதமோ 1.2. அங்கே இளைஞர்கள் பெற்றோர் வீட்டைவிட்டுக் கிளம்பவே சராசரியாக 30 வயதாகிறது. அதுதான் காரணம் என்று தோன்றும். ஆனால் ஃபின்லாந்தில் 20-களின் தொடக்கத்திலேயே தனிக்குடித்தனம் போய்விடுகிறார்கள், 2022 முதல் பிள்ளை வளர்ப்பு விடுப்பில் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் 160 நாள் பங்கும் உண்டு. இருந்தும் 2023-ல் 1.26.